இரண்டாம் போர்ட்டின் சத்தம்

ஜவ்வாது மலையில் யாரும் போனில் பேசுவதில்லை, கத்துவார்கள். நானும் அங்கே வளர்ந்தவள்தான், அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. என் வீட்டுக்காரரைக் கேட்டால், போன் இல்லாமலே நான் கத்துவேன் என்பார். ஒடுகத்தூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கடை வைத்திருக்கிறோம். கேமரா மாட்டுவது, இன்டர்நெட் இழுப்பது, போன் போடுவது எல்லாம் செய்வோம். அவர் ஏணியில் ஏறுவார், நான் லேப்டாப் முன்னால் உட்காருவேன்.

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில், கிறிஸ்தவக் கோயிலை ஒட்டி ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. நாலைந்து கட்டில், ஒரு நர்ஸம்மா, வாரத்துக்கு ஒரு டாக்டர். மொபைலில் சிக்னல் வேண்டுமென்றால் பாறை ஏற வேண்டும். அடிவாரத்திலிருந்து கம்பியில்லாமல் இன்டர்நெட்டை மேலே கொண்டுபோய், அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டியை மாட்டி, அந்தப் பெட்டியில் பழைய மாதிரி ரிசீவர் வைத்த போன்களைச் செருகிக் கொடுத்தோம். பெட்டிக்கு இரண்டு போர்ட். முதல் போர்ட்டில் நர்ஸம்மாவின் மேசைப் போன். இரண்டாம் போர்ட்டிலிருந்து வயரை இழுத்துக்கொண்டு போய், அதே கட்டடத்தின் கடைசி அறையில், என் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போன் வைத்தேன்.

அப்பா வாலிபத்திலிருந்தே அந்த மலையில் உபதேசியார். பங்குச் சாமியார் எப்போதாவது வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் செபம் சொல்வது, பிள்ளைகளுக்கு மந்திரம் கற்றுக்கொடுப்பது, சாகக் கிடப்பவர் பக்கத்தில் உட்காருவது எல்லாம் அப்பாதான். அம்மா போன பிறகும் கீழே வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் ஓர் அறை கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலுக்கு மைக் வந்தபோது அதைச் சாமியார் பயன்படுத்தினார், அப்பா தள்ளி வைத்துவிட்டார். கோயில் பாறைமேல் நின்று அவர் கூப்பிட்டால் எதிர்ச் சரிவில் சாமை அறுப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எங்கள் பக்கம் சரிவிலிருந்து சரிவுக்குச் சேதி சொல்ல ஒரு முறை உண்டு. முதலில் ஆளைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டுவிட்டுக் காதில் கையைக் குவித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எதிரில் இருப்பவர் 'ஓ' என்று நீட்டிக் குரல் கொடுப்பார். 'ஓ குடுக்கறது' என்பார்கள். ஓ வந்த பிறகுதான் சேதியைச் சொல்ல வேண்டும். ஓ வரவில்லையென்றால் சேதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். கோயிலுக்குப் போகிறவர்கள், மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்கள், எல்லோருக்கும் அங்கே இது ஒன்றுதான் முறை.

அந்தக் குரலால்தான் அப்பா என் தம்பியை வெளியே அனுப்பினார். தம்பியைக் கடவுளுக்குக் கொடுப்பதாக நேர்ந்துகொண்டு, சாமியாருக்குப் படிக்கக் குருமடத்துக்கு அனுப்பியிருந்தார். அவன் பாதியில் வந்துவிட்டான். வந்ததோடு இல்லாமல் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அவளோடு ஜீப்பிலிருந்து இறங்கினான். அப்பா பாறைமேல் நின்றிருந்தார். "என் வூட்டு வாசப்படிய மிதிக்காத!" என்றார். அதற்கு ஓ எதுவும் அவர் எதிர்பார்க்கவில்லை. சுற்றியிருந்த எல்லாச் சரிவுக்கும் அது கேட்டது. புளி உலுக்கிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள் என்று பிறகு சொன்னார்கள். தம்பி அதே ஜீப்பில் திரும்பி ஏறினான். மும்பைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான், அப்புறம் வரவே இல்லை.

இருவருக்கும் நடுவில் நான். அப்பாவிடம் போய், "தம்பி ஒங்கள நெனச்சி அழுதாம்பா" என்பேன். தம்பியிடம், "அப்பா ஒன்னக் கேட்டாருடா" என்பேன். இரண்டும் பொய். சமாதானம் பண்ணுகிறவர்கள் சொல்லும் சாதாரணப் பொய்தான். ஆனால் இருவரும் என் அப்பன், என் தம்பி அல்லவா, சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னாலும் இரண்டு பக்கமும் பாதி விலைக்குத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு நடை சுருங்கியது. பிறகு குரல் போனது. சட்டென்று போகவில்லை, சோப்பு கரைகிற மாதிரி போனது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த நோயில் குரல் தேயும், ஆனால் தேய்வது அவருக்கே தெரியாது, வழக்கம்போலப் பேசுவதாகத்தான் அவர் நினைப்பார் என்று விளக்கினார். அப்படியேதான் நடந்தது. நான் குனிந்து, "இன்னாப்பா சொல்றீங்க?" என்று கேட்டால் அவருக்குக் கோபம் வரும்.

"நான் நல்லாத்தான் பேசறேன். ஒங்க எல்லாருக்கும் காது மந்தமா போய்டுச்சி" என்பார். மலையையே நிமிர வைத்தவர் அதைச் சொன்னது அவர் வாயிலிருந்து ஒரு முழம் தாண்டவில்லை.

தம்பிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, அது நடக்க ஆரம்பித்திருந்தது. போட்டோவை நான் அப்பாவிடம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். "சின்னவன் நம்பரப் போடு" என்றார். உடனே அப்பா காதில் விழாமல் தம்பிக்குச் சொல்லலாம் என்று மொபைலோடு பாறைக்கு ஓடினேன். அவன் நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"அவரு வாயால கேட்டுத்தான் நான் வெளிய போனேன். அவரு வாயால வான்னு சொன்னாத்தான் உள்ள வருவேன். நீ சொல்லி வரமாட்டேங்க்கா. நீ சேத்து சொல்லுவ."

சேர்த்துச் சொல்கிறவள் என்ற பட்டம் எனக்கு நிலைத்துவிட்டது. சரி, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்று நம்பரை அழுத்தி, ரிசீவரை அப்பா கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் அப்பா ரிசீவரை வைக்கும் சத்தம் கேட்டது.

"அவனுக்கும் காது போய்டுச்சி" என்றார். "நான் கூப்டுக்கினே இருக்கறேன், அவன் பாட்டுக்கு அப்பா அப்பான்னு கத்தறான்."

மறுபடி பாறை ஏறினேன். தம்பி கொதித்துக்கொண்டிருந்தான். "ஒரு சத்தம் இல்லக்கா. மூச்சு விடற சத்தம்கூட இல்ல. போனப் போட்டுட்டுக் கல்லு மாதிரி ஒக்காந்துக்கினு இருந்தா இன்னா அர்த்தம்? இதுக்கு எதுக்கு என்னக் கூப்புடணும்?" என்றான். அப்பாவுக்குக் குரல் தேய்ந்துவிட்டது என்று நான் சொன்னதை அவன் நம்பவில்லை. உலகத்தில் எவன் சொன்னாலும் அவன் அதை நம்பியிருக்க மாட்டான். அவன் கடைசியாகக் கேட்ட அப்பாவின் குரல் அப்படி.

மூச்சுகூட இல்லை என்று அவன் சொன்னது மட்டும் எனக்கு உறுத்தியது. மூச்சு வர வேண்டுமே. ஒடுகத்தூருக்கு வந்து, கடையில் லேப்டாப்பைத் திறந்து, இன்டர்நெட் வழியாகவே அந்தப் பெட்டியின் உள்பக்கத்தைப் பார்த்தேன்.

முதல் விஷயம், இரண்டு போர்ட்டிலுமே வாய்ப்பக்கத்துச் சத்தத்தை நான்தான் குறைத்து வைத்திருந்தேன். மலைக்காரர்கள் கத்துகிற கத்தலில் எதிர்ப்பக்கம் காது கிழிகிறது என்பதால் போட்ட அன்றைக்கே இறக்கியது. கத்துகிறவர்களுக்காகச் செய்தது, கத்த முடியாதவர் தலையில் விழுந்திருந்தது. இரண்டாவது, அந்தப் பெட்டியில் ஒரு வசதி இருக்கிறது, வசதி என்று பெயர். யாரும் பேசாத நேரத்தில் லைனில் ஒன்றும் அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும். பேச்சு எது, சும்மா இருப்பது எது என்று பெட்டியே முடிவு செய்துகொள்ளும். அப்பா பேசியதை அது சும்மா இருப்பது என்று முடிவு செய்துவிட்டது. அந்த நிமிடம் அந்தப் பெட்டி கையில் கிடைத்திருந்தால் சுவரில் அடித்திருப்பேன். அது மலைமேல் இருந்ததால் தப்பித்தது.

அந்த வசதியை நிறுத்தினேன். பிறகு சத்தத்தை ஏற்றினேன். அதிலும் ஒரு குழப்பம். ஒவ்வொரு போர்ட்டுக்கும் இரண்டு எண். ஒன்று உள்ளே போகிற சத்தம், இன்னொன்று வெளியே வருகிற சத்தம். உள்ளே என்றால் பெட்டிக்குள்ளே, அதாவது பேசுகிறவர் வாய். நான் அவசரத்தில் அவர் காதுக்குள் என்று எடுத்துக்கொண்டு மற்றதை ஏற்றிவிட்டேன். அன்று மாலை நர்ஸம்மா சொன்னார்: "சென்னையிலருந்து யாரோ ராங் நம்பர் அடிச்சாங்க. தாத்தா போன்ல அவங்க பேசனது வராண்டா வரைக்கும் கேட்டுச்சிங்க." சரி செய்தேன்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க மேலே போக வேண்டியிருந்தது. அப்பா ரிசீவரின் கீழ்ப்பக்கத்தை வாயிலிருந்து விலக்கி, தோளுக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். மிஷனுக்கு முதன்முதலில் போன் வந்த காலத்தில், உபதேசியாரே, உங்கள் குரலுக்கு இந்தக் கருவி தாங்காது, தள்ளிப் பிடியுங்கள் என்று அப்போதிருந்த சாமியார் சொன்னாராம். அன்றிலிருந்து தள்ளித்தான் பிடிக்கிறார். எதிராளியின் காதுமேல் அவ்வளவு மரியாதை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்க முடியவில்லை.

வேறு வழி பார்க்காமல் இல்லை. வீடியோ கால் அந்த நெட்டில் நகராது. பாறைமேல் தூக்கிப் போய் மொபைலைக் கையில் கொடுத்தாலும் நடுக்கத்தில் எதையாவது தொட்டுக் கட் செய்துவிடுவார். பதிவு பண்ணி அனுப்பலாமே என்று என் வீட்டுக்காரர் யோசனை சொன்னார். மொபைலை அப்பாவின் வாய்க்குப் பக்கத்தில் வைத்து, சொல்லுங்கப்பா என்றேன்.

"அந்தாண்ட யாரு இருக்கறா?" என்று கேட்டார்.

"இப்ப யாரும் இல்லப்பா. நீங்க சொல்லிடுங்க, அவன் அப்புறமா கேப்பான்."

"ஓ குடுக்க ஆளு இல்லாத எடத்துல இன்னாத்த சொல்றது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆக, இரண்டாம் போர்ட்தான் கதி. கடையில் உட்கார்ந்து அப்பாவின் வாயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டுப் பார்ப்பேன், நர்ஸம்மா ரிசீவரை அப்பாவின் வாயோடு சேர்த்துப் பிடிப்பார். ஒரு கட்டத்தில் அப்பாவின் குரல் வந்தது. நன்றாகவே வந்தது. கூடவே வேறொன்றும் வந்தது. "சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்டால், "சாப்ட்டீங்களாப்பா?" என்று என் குரலே எனக்குத் திரும்பி வந்தது. அவர் காதில் கேட்கிற என் சத்தம் அப்படியே அவர் வாய்வழியாக மறுபடி ஏறி வருகிறது. அதற்கடியில் எங்கேயோ, சாப்பிட்டேன் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

இதற்கு வழி ஒன்றுதான். வாயை அவ்வளவு ஏற்ற வேண்டுமானால் காதை இறக்க வேண்டும். இறக்கினேன். எதிரொலி நின்றது, அப்பாவின் குரல் மட்டும் சுத்தமாக வந்தது. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். தம்பியும் எங்கள் வீட்டுப் பிள்ளை, கத்தாமல் அவனுக்குப் பேச வராது. இறக்கியது போதுமானதாகவே இருக்கும் என்று இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு வைத்துக்கொண்டோம். தம்பிக்கு முன்பே சொல்லியிருந்தேன். "அவரு கூப்புடட்டும். நீ முந்திக்கினு கத்தாத. கூப்ட்டதும் ஓ குடு. அப்புறம் அவரு சொல்றதக் கேளு." சரிக்கா என்றான். அவன் குரலிலும் ஏதோ இறங்கியிருந்தது.

அப்பாவுக்கு முகம் கழுவிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். ரிசீவரை அவர் தள்ளிப் பிடித்துவிடாமல் இருக்க, காதோடும் வாயோடும் சேர்த்து ஒரு துண்டால் தலையைச் சுற்றிக் கட்டினேன். பல்வலிக்காரரைப் போல இருந்தார். கண்ணாடி கொண்டுவா என்று கேட்டு, பார்த்து, "சின்னவன் பாத்தா சிரிப்பான்" என்றார். வெகு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். நம்பரை அழுத்தினேன். என்னை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினார். மகனிடம் பேசும்போது மகள் பார்க்கக் கூடாதாம். நர்ஸம்மா அறையில் போய் உட்கார்ந்து, அங்கிருந்த பெட்டியில் இரண்டாம் போர்ட்டின் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எரிந்துகொண்டே இருந்தது. நான் எனக்குத் தெரிந்த செபம் எல்லாம் சொன்னேன். பிறகு அணைந்தது.

போய்ப் பார்த்தபோது அப்பா துண்டை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வலது கை இன்னும் காதுக்குப் பக்கத்தில் குவிந்திருந்தது.

"சொன்னீங்களாப்பா?"

"கூப்ட்டேன். அவன் ஓ குடுக்கல." குவித்த கையை இறக்கிக்கொண்டு, "மறுபடியும் கூப்ட்டேன். குடுக்கல" என்றார்.

பாறைக்கு ஓடினேன். மறுமுனையில் தம்பி அழுதுகொண்டிருந்தான்.

"கேட்டுச்சுக்கா. டேய் சின்னவனேன்னு கூப்ட்டாரு. அப்பா குரலாக்கா அது? அப்பாவுக்கா அப்டி ஆயிடுச்சி? நீ சொன்னப்ப நான் நம்பலக்கா."

"ஓ குடுத்தியாடா?"

"குடுத்தேன். வாயி வரலக்கா. தொண்ட அடச்சிக்கிச்சி. ஆனா குடுத்தேன். அவருக்குக் கேக்கலயா?"

வாழ்நாளெல்லாம் கத்தியவன் அன்று ஒருநாள் கத்தவில்லை. அவனுக்கு வாய் வராத அன்றைக்கு அப்பாவின் காதை நான் இறக்கி வைத்திருந்தேன். யார்மேல் கோபப்படுவது? எனக்குக் கோபப்பட ஆள் தேட வேண்டியிருந்ததே இல்லை. அன்றைக்குப் பாறைமேல் நின்று தேடினேன், ஒருவரும் அகப்படவில்லை. பாறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இறங்கி வந்து அப்பாவிடம் சொன்னேன். "அவன் ஓ குடுத்தாம்பா. ஒங்களுக்குக் கேக்கல. நான்தான் சத்தத்தக் கம்மி பண்ணி வச்சிருந்தேன்." அவர் என் முகத்தையே பார்த்தார். இதுவும் நான் சேர்த்துச் சொல்வதோ என்று தேடினார் போலிருக்கிறது. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அப்ப ஏத்தி வை. வர்ற ஞாயித்துக்கெழம கூப்டறேன்."

"இன்னா சொல்லப் போறீங்கப்பா? எங்கிட்ட ஒரு வாட்டி சொல்லுங்களேன்."

"ஒங்கிட்ட எதுக்கு? அது அவனுக்குச் சேதி" என்றார்.

கொண்டுபோயிருந்த லேப்டாப்பில் அப்போதே இரண்டாம் போர்ட்டின் காதையும் உச்சத்துக்கு ஏற்றினேன். எதிரொலி வந்தால் வரட்டும், தம்பி அவன் குரலையே கேட்டுக்கொள்ளட்டும், அப்பாவுக்கு ஓ கேட்டால் போதும் என்று ஏற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. விழுங்கிய கஞ்சி நெஞ்சுக்குள் போய்ச் சளி கட்டி, காய்ச்சல் வந்தது. ஜீப்பில் கீழே கொண்டுவரும் வழியிலேயே, என் மடியில் தலை வைத்தபடி அப்பா போய்விட்டார். வாய் அசைந்துகொண்டிருந்தது. காதை வாயோடு வைத்துப் பார்த்தேன். ஜீப் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

தம்பி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மலையில் ஐஸ்பெட்டி இல்லாததால் காத்திருக்க முடியாத நிலை. மனைவியோடும் குழந்தையோடும் ஜீப்பிலிருந்து இறங்கினான். கல்லறைக்குப் போனான், முட்டி போட்டான், எழுந்தான். அழவில்லை. நேராக அப்பாவின் அறைக்குப் போனான். கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். போன் அங்கேயேதான் இருந்தது.

"இது வேல செய்யுதாக்கா?"

"செய்யுது."

"நீ நர்ஸம்மா ரூமுக்குப் போயி அங்கருந்து இதுக்கு அடி."

போய் அடித்தேன். இரண்டு அறை தள்ளி மணி அடிப்பது எனக்கு நேராகவே கேட்டது. எடுத்தான். முறைப்படி பார்த்தால் கூப்பிட வேண்டியவள் நான். ஆனால் அப்பா கூப்பிட்டது அந்த ஞாயிற்றுக்கிழமையே ஆகிவிட்டது. அவனும் அதற்காகக் காத்திருக்கவில்லை.

ஓ கொடுத்தான்.

அப்பாவின் தேய்ந்த குரலுக்காக நான் ஏற்றி வைத்திருந்த எண் அப்படியே இருந்தது. அந்த ஓ என் காதில் இடித்தது. ரிசீவரே கிழிகிற மாதிரி கரகரத்தது. சுவரைத் தாண்டியும் கேட்டது. வராண்டாவில் குழந்தை பயந்து அழுதது. நர்ஸம்மா எழுந்து நின்றுவிட்டார். அப்பா பாறைமேல் நின்று கொடுத்த காலத்துக் குரல் எங்கள் வீட்டில் இன்னும் ஒருவனிடம் இருந்தது.

ஓ முடிந்து அவன் காத்திருந்தான். ஓ வந்துவிட்டால் சேதி சொல்ல வேண்டும். பெட்டியில் எல்லாம் சரியாக இருந்தது, நான் என்ன சொன்னாலும் அவனுக்கு நன்றாகக் கேட்கும். எத்தனையோ தடவை இருவருக்கும் இல்லாததையெல்லாம் சேர்த்துச் சொன்னவள் நான். வா என்று ஒரு சொல் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? வா என்றுதான் இருக்கும். வேறு என்னவாக இருக்கப் போகிறது? ஆனால் அப்பா அதை என்னிடம் சொல்லவில்லை.

தம்பியின் மூச்சு பெரிதாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நானும் ரிசீவரை வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை.